தண்ணீர்ப் பாலத்தில் ரொட்டிக்காரன்

புதுத் தண்ணீர்ப் பாலம் திறந்த அன்று நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃபிரீஸ்லாந்து மாகாணமே கொண்டாடியது. நான் மட்டும் உர்ரென்று இருந்தேன். கால்வாய் மேலே, சாலை கீழே. படகு பாட்டுக்கு மேலே போகும், கார்கள் பாட்டுக்கு அடியில் ஓடும், இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று அதிகாரி மேடையில் திரும்பத் திரும்பச் சொன்னார். அட போய்யா, காத்திருந்தவங்களைக் கேட்டியா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

நான் மணல் படகு ஓட்டுகிறவள். பழைய தூக்குப் பாலம் இருந்தவரை தினமும் காலையில் என் படகுக்காக அது எழும்பும், சாலையில் தடுப்புக் கட்டை இறங்கும். கட்டைக்குப் பின்னால் முதலில் நிற்பது எப்போதும் ஒரே ரொட்டி வேன்தான். ஓட்டுகிறவன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுவான்.

"ஏம்மா மண்ணு! உனக்கு வேற நேரமே கெடைக்கலையா? ரொட்டி ஆறிப்போகுது!"

"ஆறினா ஊதாம திங்கலாம்யா, ரொட்டி! வாயை மூடிட்டு நில்லு!"

படகு கடக்கிறவரை இந்தச் சண்டை. நாலு வருஷமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. அவன் பெயர் வீப்ரன் என்றும், இன்னும் கல்யாணம் ஆகாதவன் என்றும் பாலத்தைத் தூக்கி இறக்குகிற பாலக்காரர்தான் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். சரி, கேட்டுத்தான் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் தண்ணீர்ப் பாலத்தின் மேல் போனேன். கீழே லாரிகள் உறுமிக்கொண்டு ஓடின. மேலே நான், நீர், இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர். திட்ட ஆளில்லை.

"என்னக்கா, மூஞ்சி தொங்குது?" என்றான் தம்பி தியெர்க். எனக்குத் துணையாகப் படகில் வருகிறவன். "சண்டை போட ஆளில்லாம வாய் அரிக்குதா?"

"வேலையப் பாருடா."

"ரொட்டிக் கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் என்ன?"

"போயி? என்னன்னு சொல்லிக்கிட்டு நிப்பேன்?"

அவன் உண்மையிலேயே எரிச்சலில் திட்டியிருந்தால்? விட்டது சனியன் என்று நிம்மதியாக அடியில் பறந்துகொண்டிருந்தால்? இந்த நினைப்புதான் என்னை அரித்தது. நாற்பதை நெருங்குகிற ஒருத்தி ஒரு ரொட்டி வேனுக்காக இப்படித் தவிப்பாளா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, பாலத்துக்கு முந்தின திருப்பத்தைத் தாண்டும்போது தியெர்க் முன்னாலிருந்து கத்தினான். நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தை ஒட்டிய கரைமேட்டில் விளக்கு மினுக்கிக்கொண்டு ரொட்டி வேன் நின்றது. சுவரை ஒட்டிய நடைபாதையில் வீப்ரன். பாலத்தின் மேல் படகு ஊர்ந்துதான் போகவேண்டும் என்பதால், என் சுக்கான் அறைக்குப் பக்கத்திலேயே அவனும் நடந்து வந்தான்.

"இங்க என்னய்யா பண்றே? இப்பத்தான் வழி ஃப்ரீயாச்சே, பறக்க வேண்டியதுதானே?"

"பறந்தேனே. சீக்கிரமா போய் நிக்கிறதப் பாத்துட்டு, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கடைக்காரங்க கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நடைபாதை பாலத்தோடு சரி. முடிவில் வேலி. அதற்கப்பால் வெறும் நாணல்காடு. வேலியை இருவருமே பார்த்தோம்.

"தினமும் கட்டைக்கு முன்னாடி மாட்டுனியே, உன் ராசி அப்படி," என்றேன், வேறு பேச்சு வராமல்.

"ராசியாவது ஒண்ணாவது! உன் படகு கண்ணுல படுறவரைக்கும் ஓரமா வண்டிய நிறுத்திட்டு நிப்பேன். அப்புறந்தான் கட்டைகிட்ட வருவேன்."

படகு சுவரில் உரசப் பார்த்தது. சுக்கானைத் திருப்பினேன்.

"நல்லாருக்கே!" என்று தியெர்க் முன்னாலிருந்து குரல் கொடுத்தான். "இங்க இவ தெனமும் சர்ச் திருப்பத்துல படகை மெதுவா விட்டுக்கிட்டு, வேன் வந்துருச்சான்னு எட்டி எட்டிப் பாப்பா!"

"டேய்!"

வீப்ரன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு ஓடி வந்து எட்டிப் பிடித்தான். மூச்சு வாங்கியது. "உன் பேருகூட எனக்குத் தெரியாதும்மா."

"ரின்ஸ்கே."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வேலி வந்துவிட்டது. பாலத்தில் படகை நிறுத்தக் கூடாது. பின்னால் இன்னொரு படகு வேறு வந்துகொண்டிருந்தது. அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய் தியெர்க்! வந்து சுக்கானைப் பிடி!"

"நீ எங்க போற?"

"ரொட்டி விக்க! துறையில வந்து சேந்துக்கறேன்!"

தியெர்க் ஓடிவந்து சுக்கானைப் பிடித்ததும் ஒரே தாவு. மணல் பாரத்தில் தாழ்ந்திருந்த படகிலிருந்து சுவர்மேல் ஏறுவது பெரிய வித்தையில்லை. இருந்தாலும் வீப்ரன் என் கையைப் பிடித்தான். அப்புறம் அதை விடவில்லை.

வேனுக்குள் சர்க்கரை ரொட்டி வாசம். சாலை இறங்கி அடியில் நுழையும்போது தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பாலத்தைத் தாண்டி, நாணலுக்கு மேலே என் படகின் கூரை நகர்ந்து போனது. தியெர்க் ஊதுகுழலை விடாமல் அலறவிட்டான். இத்தனை வயதில் இப்படியொரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

முதல் கடையில் கடைக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மணி என்ன ஆகுது? இப்பத்தான் தூக்குப் பாலமே இல்லையே! உன்னை யாருய்யா நிறுத்துனது?"

வீப்ரனின் காதுமடல் சிவந்துவிட்டது.

நான் ரொட்டித் தட்டை இறக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"நான்தாம்மா. நாளைக்கும் நிறுத்துவேன்."