தடுமாற்றம்: பூஜ்யம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கூரை வழியாகக் கிடைத்தது. நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மேல் வீடு. நடுவில் அரையடி சிமென்ட். மேலே கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்றுகூடச் சொல்லிவிடுவேன். ஒட்டுக்கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். காது இருக்கிற இடத்துக்குச் சத்தமாக வந்து விழுந்தால் நான் என்ன செய்வது?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'காலை இழந்தும் தன்னம்பிக்கையை இழக்காத ஒரு மனிதர்—'

அடித்துவிட்டேன். அவரிடம் தன்னம்பிக்கை எல்லாம் கிடையாது, கோபம்தான் இருந்தது. அடுத்த முயற்சி:

'அந்த லாரி பின்பக்கமாக வந்தபோது சூரியன்—'

சூரியனுக்கு இங்கே என்ன வேலை? அவர் சுவரோரம் குனிந்து எண் பார்த்துக்கொண்டிருந்தார், லாரி பின்னால் வந்தது, இடது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். அவ்வளவுதான். கதை அதற்குப் பிறகு.

2

அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். தெருவுக்கே அவர் 'மீட்டர்'. அவர் மனைவி எனக்கு மாடிக்காரி. முகத்துக்கு நேரே அக்கா. அவள் பக்கம் நின்றுதான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அவள் பேசுவாள். மீட்டரிடம் நலம் விசாரித்தால் ஓர் உறுமல் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் எழுத முடியும்?

மூன்றாவது ஆள், செயற்கைக் கால் செய்து பொருத்துகிறவர். மாடிக்காரி அவருக்கு வைத்த பெயர் கால்காரர். அவர் இரண்டு முழங்கால் மூட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டுக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு மடங்குவது, எவ்வளவு விறைப்பது என்று அதுவே முடிவு செய்யும்.

"ஒவ்வொண்ணையும் ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க. எது ஒத்துவருதோ அதுக்கு எழுதுவோம்."

எழுதுவது காப்பீட்டு அலுவலகத்துக்கு. அவர்கள் சம்மதித்தால் கம்ப்யூட்டர் மூட்டு. இல்லாவிட்டால் ஸ்பிரிங் வைத்த சாதாரண மூட்டு. அது கதவுக் கீல் மாதிரி. நாம்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது நம்மைப் பார்க்காது. கீலை நம்பி நாள் முழுக்க ஊரார் வீட்டுப் படிகளை ஏறி இறங்க முடியாது. படி இறங்க முடியாதவருக்கு மீட்டர் வேலை கிடையாது என்று அவருடைய அலுவலகம் ஏற்கெனவே பக்குவமாகச் சொல்லியிருந்தது.

3

முதல் மூட்டுக்கு மாடிக்காரி வைத்த பெயர் 'மாப்பிள்ளை'.

"பின்ன என்ன? ஒல்லியா, பளபளன்னு இருக்கான். சமதரையில ராஜநடை. ஆனா தண்ணி படக்கூடாது, தினமும் சார்ஜ் போட்டு உபசாரம் பண்ணணும். படின்னு வந்தா மட்டும் கைய விட்டுடறான்."

இரண்டாவது 'மூத்தவன்'. கனம் அதிகம், பார்வைக்கு அழகில்லை. ஆனால் படி இறங்கும்போது, கிணற்றில் வாளியை விடுகிற மாதிரி நிதானமாக இறக்கினான்.

(* இது அடிக்குறிப்பாக வர வேண்டியது, இடம் தவறி வந்துவிட்டது: மாப்பிள்ளை என் தலைக்கு மேல் 'டிக், டிக்' என்று போவான். மூத்தவன் 'தொம்', பிறகு ஒரு நீண்ட 'உஸ்'. என் வீட்டுக்காரர் நடையைக்கூட நான் இவ்வளவு கவனித்ததில்லை.)

முடிவானது கால்காரர் அறையில். இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே மீட்டர் நடந்துகொண்டிருந்தபோது, கால்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே தள்ளினார். செயற்கைப் பாதம் இடித்தது. மாப்பிள்ளையாக இருந்திருந்தால் மூக்கு உடைந்திருக்கும். மூத்தவன் சட்டென்று விறைத்து ஆளை நிறுத்திவிட்டான்.

"புடிச்சிருச்சு," என்றார் மீட்டர். "ஏய், இது என்னப் புடிச்சிருச்சு."

மீட்டர் அழுதார் என்று எழுதியிருந்தேன். மாடிக்காரி படித்தால் சண்டைக்கு வருவாள். அழவில்லை. மூக்கைச் சிந்தினார்.

4

இனி நடந்த தப்பு.

மூத்தவன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வான்: எத்தனை அடி நடந்தார், எத்தனை தடவை தடுமாறினார், எத்தனை தடவை தான் பிடித்தான். காப்பீட்டுக்கு வீட்டு நடைதான் கணக்கு என்பதால், தன் அறையில் நடந்ததை அழித்துவிட்டு, "எல்லாம் உள்ள பதிவாகும். நீங்க வழக்கம்போல நடங்க," என்று கால்காரர் சொல்லித்தான் அனுப்பினார்.

மாடிக்காரி காதில் 'பதிவாகும்' மட்டும் விழுந்தது. பரீட்சை என்று முடிவு கட்டிவிட்டாள். மிதியடிகளைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டாள். குளியலறைத் தரையைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அவர் முழங்கையைப் பிடித்தபடியே கூட நடந்தாள். என்னிடமும் வந்து, "படியில இருக்கிற பூந்தொட்டிய எடுத்துடேன்" என்றாள். எடுத்தேன். உதவி செய்கிறோம் என்ற பெருமை வேறு எனக்கு.

பதினான்காம் நாள் கால்காரர் திரையில் காட்டினார். அடிகள்: 9,412. தடுமாற்றம்: பூஜ்யம்.

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காப்பீட்டு அலுவலகத்துக்கு அவளே போன் போட்டாள்.

"ஒரு தடவகூடத் தடுமாறல சார். பாத்துப் பாத்து நடக்க வச்சேன்."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் அந்தப் பக்கம் இருந்தவர், எழுதிக்கொண்டே.

கடிதம் வந்தது. 'தடுமாற்றம் எதுவும் பதிவாகாத நிலையில், அதைத் தடுக்கும் மூட்டு தேவை எனக் கருத இடமில்லை. சாதாரண மூட்டு போதுமானது.'

5

இந்த இடத்தில் எனக்கொரு வில்லன் தேவைப்பட்டான். காப்பீட்டு ஆளுக்கு ஒரு கோணல் வாயும் வெற்றுச் சிரிப்பும் கொடுத்து இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்தேன். அவர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். கால்காரரை வில்லனாக்கலாமா? அவர் 'வழக்கம்போல' என்று சொன்னாரே. ஆனால் கால் போன புருஷனை எந்தப் பெண்டாட்டி வழக்கம்போல நடக்க விடுவாள்? கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பாசம் என்று உலகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பூஜ்யத்தில் தோற்கிற பரீட்சை ஒன்று உண்டென்று யாரும் சொல்லவில்லை. பூந்தொட்டியை எடுத்தவளை வில்லியாக்கலாம் என்றும் தோன்றியது. அந்தப் பத்தியை இன்னும் எழுதவில்லை.

மேல்முறையீட்டுக்கு மூத்தவனை மூன்று நாள் திருப்பிக் கொடுத்தார்கள். மாடிக்காரி மிதியடிகளை விரித்தாள், ஓரங்களை மடித்துவிட்டாள். நானும் தொட்டியைப் பழைய இடத்தில் வைத்தேன். இரண்டு நாள் மேலே 'தொம்... உஸ்' நிற்கவே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

"வேணும்னு விழ முடியலடி," என்றார் மீட்டர். "கால் தட்றதுக்கு முன்னாடியே ஒடம்பு முழிச்சுக்குது."

"எல்லாம் என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான். இப்ப அத வச்சு என்ன பண்றது?"

6

இன்று மூன்றாம் நாள். மாலை ஐந்து மணிக்கு மூத்தவனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன. முதலாவது: மிதியடி தானாகவே தடுக்குகிறது, மூத்தவன் பிடிக்கிறான், கடிதம் மாறுகிறது. சுபம். எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது: காப்பீட்டு ஆள் நேரில் வந்து மனம் இளகி— வேண்டாம், நான் இந்தத் தெருவிலேயே குடியிருக்க வேண்டியவள்.

நடந்தது இது. அவர்கள் வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் வராந்தா, மீட்டர் நடையில் பத்து அடி வைக்க வேண்டும். நான் படிக்குக் கீழே துடைப்பத்தோடு நின்றேன். (பெருக்கி முடித்து ஒரு மணி நேரமாகியிருந்தது.)

"நான் நடக்கறேன். நீ பின்னாடியே வந்து தள்ளு," என்றார் மீட்டர்.

"என்னங்க பேச்சு இது?"

"எந்த அடியிலன்னு சொல்லாத. சொன்னா ஒடம்புக்குத் தெரிஞ்சுடும்."

"அது புடிக்கலேன்னா?"

"புடிக்கும்."

"புடிக்கலேன்னா?"

"அதையும் எழுதிக்கட்டும்."

அவர் நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் கை அவர் முதுகுக்கு ஒரு விரற்கடை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நான்கு. ஐந்து. இங்கேயே தள்ளிவிட்டால் வெறும் தரைதான், விழுந்தாலும் முட்டி சிராய்க்கும், அவ்வளவே. அவள் தள்ளவில்லை. ஆறு. அவர் தலையைத் திருப்பாமல் கீழே என்னைப் பார்த்தார்.

"நீங்க உள்ள போங்கம்மா. நீங்க பாத்தா இவ தள்ள மாட்டா."

போனேன். கதவைச் சாத்தித் தாழும் போட்டேன். கதை எழுதுகிற என் பிழைப்புக்கு இது அழகல்ல, தெரியும்.

தலைக்கு மேலே கேட்கிறது, ஏழாவது அடி வைத்தாகிவிட்டது. இன்னும் மூன்று அடி, பிறகு படி. தள்ளினால் அவர் விழலாம். தள்ளாவிட்டால் நாளையிலிருந்து கீல். நான் எழுத மாட்டேன். வாசிக்கிற உங்களுக்கும் கை இருக்கிறது. அவளுடையதுக்குப் பின்னால் வையுங்கள். அல்லது பிடித்து இழுங்கள். சீக்கிரம். அவர் எட்டாவது அடிக்குக் காலைத் தூக்கிவிட்டார்.