ஆறடிக்குப் போதாத முகம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்த பேனர் கடையில், அனுசுயா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளும் அவள் புருஷன் வீரமணியும் கைகூப்பி நின்றார்கள். கடையில் டிசைன் செய்யும் சத்யாதான் இரண்டு படங்களை ஒட்டி அப்படி நிற்க வைத்திருந்தாள்.

அனுசுயாவை அங்கேயே நல்ல கேமராவில் எடுத்திருந்தார்கள். தோட்டுக் கல்லைக்கூட எண்ணிவிடலாம். வீரமணியின் படமோ நாலு வருஷத்துக்கு முன் சிறுவாச்சூர் கோயிலில் அவன் போனில் எடுத்தது; வாட்ஸ்அப்பில் அவளுக்கு வந்தது. ஆறடிக்கு இழுத்ததும் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோயிற்று.

"வாட்ஸ்அப்புல வரப்பவே சுருங்கிடும்க்கா. போன்ல போதும், பேனருக்குப் பத்தாது. ஒரிஜினல டாக்குமெண்டா அனுப்பச் சொன்னேனே, அண்ணன்ட்ட கேட்டீங்களா?"

கேட்காமலா? அவனுக்குக் குவைத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை. உள்ளே கேமரா போன் கொண்டுபோகக் கூடாது. அடுத்த மாதம்தான் வெளியே வருவான். நேற்று கேம்ப் ஆபீஸ் போனில் பேசியபோது சொன்னான்: "போனு நெறஞ்சிபோச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்டி. ஒனக்கு அனுப்பிட்டுத்தான அழிச்சேன்? நீதான் பத்திரமா வச்சிருக்கியே." அதற்கு என்னவென்று கோபித்துக்கொள்வது!

"கல்யாண ஆல்பம்?" என்றாள் சத்யா.

"அதுல அவரு சின்னப் பையன். இப்ப பக்கத்துல நின்னா நான் அம்மா மாரி இருப்பேன்."

சத்யா சிரித்தாள். படத்தைத் தானாகவே தெளிவாக்கித் தரும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தாள். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. புருவத்துத் தழும்பைக் காணோம், கண்ணும் வேறு.

"இது யாரு சத்யா? எடுத்துடு" என்றாள் அனுசுயா அவசரமாக.

நாளை மறுநாள் கிரகப்பிரவேசம். புருஷன் ஊரில் இல்லாதவள் ஹோமத்தில் தனியாக உட்காரக் கூடாதாம். கொழுந்தன் முத்துவேலும் ஓரகத்தி சம்பூர்ணமும்தான் மனையில் உட்காரப் போகிறார்கள். வீடு கட்டும்போது வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்தவள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். நல்ல நியாயம்! அவளும் அவனும் சேர்ந்து நிற்க மிச்சமிருந்தது வாசல் பேனர் ஒன்றுதான்.

திரையில் தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, "என் படத்தையும் அவரு மாரியே மங்கலாக்கிடு" என்றாள்.

"நல்லா இருக்கறதக் கெடுக்கச் சொல்றீங்களேக்கா!"

"நான் மட்டும் பளிச்சுன்னு நின்னா, எல்லாரும் அவரு இல்லாததத்தான் பாப்பாங்க. ரெண்டு பேரும் ஒண்ணுபோல இருந்தா மெஷின் கோளாறுன்னு போயிடுவாங்க."

சத்யா மவுஸை நகர்த்த நகர்த்த தோட்டுக் கல் மறைந்தது, கண் மை கரைந்தது. அவன் அளவுக்கு வந்ததும், "போதும்" என்றாள் அனுசுயா. இருவரும் ஒரே வெயிலில் ஒரே போனில் எடுத்த மாதிரி இருந்தார்கள்.

கிரகப்பிரவேசத்தன்று மனையில் சம்பூர்ணம் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். புகையில் கண் எரிகிறது என்று அனுசுயா வாசலுக்கு வந்துவிட்டாள். செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த மருதாயி அத்தை பேனரை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"பாவி, ஒங்க ரெண்டு பேரையும் இப்புடிக் கெடுத்து வச்சிருக்கானே!"

"ஆமாங்கத்த" என்று சிரித்தாள் அனுசுயா. ரெண்டு பேரையும் என்று அன்றைக்கு வேறு யாரும் சொல்லவில்லை.