கழுகுக்குக் கண் படம்

என் கைபேசியில் அந்த நர்ஸின் பெயர் ‘விடாக்கண்டி’. நான்தான் அப்படிப் பதிந்து வைத்திருந்தேன். குழந்தைகளின் சர்க்கரை நோய்ப் பிரிவில் வேலை செய்பவர். நான் பேருந்து ஓட்டுகிறவன். கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு வாய் டீ குடிக்க இறங்கினால் போதும், அந்த அம்மாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, உடனே கூப்பிட்டுவிடுவார்.

"சார், பாப்பாவுக்குக் கண் போட்டோ எடுக்கணும். இந்த வாரமாவது வர்றீங்களா?"

"மேடம், அவ கண்ணுல ஒரு குறையும் இல்ல. எங்க டிப்போவுல அவ பேரே கழுகு."

பொய் சொல்லவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. தெருக்கோடியில் பேருந்து திரும்பும்போதே பால்கனியிலிருந்து அதன் நம்பரைச் சொல்லிவிடுவாள் என் மகள். ஏழு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது, இப்போது பன்னிரண்டு. ஊசி, ரத்தச் சோதனை எல்லாம் எங்களுக்குப் பல் துலக்குவது போல ஆகிவிட்டது. இதில் நன்றாக இருக்கிற கண்ணை வேறு போட்டோ பிடிக்க வேண்டுமாம்!

"கண்ணு தெரியுதான்னு பாக்க இல்ல சார். கண்ணுக்குள்ள பின்பக்கம் என்ன நடக்குதுன்னு பாக்க. அங்க கோளாறு ஆரம்பிச்சா குழந்தைக்கே தெரியாது."

"லீவு கிடைச்சதும் வர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். "அவங்க விடாக்கண்டின்னா நீங்க கொடாக்கண்டன். சரியான ஜோடிதான்."

மகள் விடவில்லை. "அப்பா, பழுதாகி நின்ன வண்டிய ஊரே பாக்கும், ஓடுற வண்டியத்தான் டிரைவர் பாக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? நான் ஓடுற வண்டிதானே?"

என் வாயாலேயே என்னை மடக்கினால் நான் என்ன செய்வேன்? லீவு போட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை அவளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரியை மூச்சுவிடாமல் படித்தாள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். பார்த்தீர்களா என்று நான் விடாக்கண்டியைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு எங்களை வராந்தாவில் உட்கார வைத்தார்.

கண்மணி விரிந்து எங்கள் முறை வந்ததும் என் கைபேசிக்குக் கூப்பிட்டார். அதற்குள் அவரே வராந்தாவுக்கும் வந்துவிட்டார். என் மடியில் ‘விடாக்கண்டி’ என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது.

"பேரு பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் அவர். "வாங்க உள்ள."

தாடையை ஒரு தட்டில் வைத்து, பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். கண் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் கிளை கிளையாக ரத்தக் குழாய்கள்.

"அப்பா, உங்க டிப்போவுல மாட்டியிருக்கிற ரூட் மேப் மாதிரி இருக்கு!" என்றாள் மகள்.

டாக்டர் பென்சில் முனையால் காட்டினார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு." ஊசி குத்தினாற்போல மூன்று சிவப்புப் புள்ளிகள். "சர்க்கரை அதிகமா இருந்து, பொடி ரத்தக் குழாய் பலவீனமாகி உப்பியிருக்கு. ரொம்ப ஆரம்பம். பார்வைக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. ஆனா கண்டுக்காம விட்டா கசியும், வீங்கும், பார்வையத் தொடும். அவளுக்கே மங்கலாத் தெரியறப்போ ரொம்ப தாமதமாயிருக்கும்."

அந்த மூன்று புள்ளிகளையும் மறுபடி எண்ணினேன். என் கழுகுக்கா?

"மூணு மாசச் சர்க்கரைச் சராசரி ரொம்ப மேல இருக்கு சார். ராத்திரி ஏதாவது சாப்பிடறாளா?" என்று கேட்டார் விடாக்கண்டி.

நான் கூரையைப் பார்த்தேன். மகள் சொன்னாள்: "தூங்கப் போறப்போ அப்பா பிஸ்கட் குடுப்பாரு. டேங்க் எப்பவும் பாதிக்குக் கீழ போகக் கூடாதாம்."

ஒருமுறை சர்க்கரை இறங்கி, தூக்கத்தில் அவளுக்குக் கைகால் வெட்டி இழுத்துவிட்டது. அன்று நான் பட்ட பாடு பகைவனுக்கும் வேண்டாம். என் வண்டி நடுவழியில் டீசல் இல்லாமல் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. அதே பழக்கத்தில் மகளுக்கும் நிரப்பிக்கொண்டே இருந்தேன். டேங்க் காலியாகிவிடக் கூடாது என்று பயந்தவனுக்கு, அது வழிந்து குழாயை அரிக்கும் என்று தோன்றவே இல்லை.

திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். "பயந்த அப்பா அம்மா நிறையப் பேரு இதத்தான் செய்யறாங்க" என்றார் விடாக்கண்டி. "கையில ஒட்டுற சென்சார் ஒண்ணு வாங்கித் தர்றேன். சர்க்கரை இறங்கினா அதுவே கத்தும். நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மடமடன்னு இறக்கினா கண்ணுக்கே ஆகாது" என்றார் டாக்டர்.

"சடன் பிரேக் அடிக்கக் கூடாது. அதானே டாக்டர்?"

"அதேதான். இத உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா?"

வெளியே வந்தோம். மருந்தின் வேகத்தில் அவளுக்கு வெயில் கூசியது, எல்லாம் மங்கல். பேருந்து நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என்ன நம்பர் வருது?" என்று கேட்டாள். இதுவரை அவள் என்னிடம் கேட்காத கேள்வி. நம்பரைச் சொன்னேன். "சாயங்காலம் சரியாயிடும்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல முடிந்ததே, அதற்கே நான் யார் காலில் விழுவது?

அதற்குப் பிறகு பிஸ்கட் டப்பா என் மனைவியின் காவலுக்குப் போனது. சென்சார் கத்தும்போதெல்லாம் நான் துள்ளி எழுந்தேன். சண்டையும் நடந்தது. "காலையில எழுந்ததும் என் நம்பரப் பாக்காதீங்கப்பா, என் முகத்தப் பாருங்க!" என்று மகள் ஒருநாள் கத்தினாள். அதுவும் நியாயம்தான். முகத்தைப் பார்த்துவிட்டு நம்பரைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் படம். டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஸ்டியரிங் இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"ரெண்டு புள்ளி மறைஞ்சிடுச்சு. மூணாவது வளரல. புதுசா ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் பாக்கணும், அத விட்டுடாதீங்க. இப்போதைக்கு நல்ல சேதி."

விடாக்கண்டியிடம் சொல்ல வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். "மேடம், நீங்க மட்டும் அன்னைக்கு விட்டிருந்தா…" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"கண்ணத் தொடைங்க சார். அடுத்த ஆளுக்கு ஃபோன் போடணும். லாரி ஓட்டறவரு, பையனக் கூட்டிட்டு வரவே மாட்டேங்கறாரு. உங்கள விட மோசம்."

"ஃபோனக் குடுங்க மேடம், நான் பேசறேன்" என்றேன். அந்த லாரிக்காரரை நான் விட்டேனா என்ன!

அன்று சாயங்காலம் பால்கனியில் மகளோடு உட்கார்ந்து, தெருக்கோடியில் திரும்பும் ஒவ்வொரு பேருந்தின் நம்பரையும் நானே படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்தின் கூச்சம் இன்னும் போகாமல் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் தணிந்தது.

"எழுபத்தொண்ணு வருதும்மா."

"இல்லப்பா" என்றாள். "அது எழுபத்தேழு. கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.