தர்ஸா ஹோல்டனின் காது

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகத் தொடங்கியது. எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் தர்ஸா ஹோல்டனுக்குச் சிலை வைத்து ஓராண்டு ஆகப்போகிறது, மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தா என்று சிலைக் குழுத் தலைவி பெவர்லி கேட்டாள். நான் சதுக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இங்கிலாந்தின் இந்த லங்காஷயர் ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இருமலுக்கு எது, மூட்டுவலிக்கு எது என்று ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் சொல்கிறேன் என்பதால் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள்.

"மனசைத் தொடுற மாதிரி எழுதும்மா. ரொம்ப அழ வெச்சிடாத, நன்கொடை கொடுத்தவங்கல்லாம் படிப்பாங்க" என்றாள் பெவர்லி.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'1909ஆம் ஆண்டு, பனி கொட்டிய ஒரு காலையில், நெசவாலை வாசலில் ஓர் இளம்பெண் கையில் மணியோடு நின்று—'

[பனி கொட்டியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? விட்டுவிட்டேன்.]

அடுத்து:

'பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போன தர்ஸா ஹோல்டன் எங்கள் ஊர் நெசவாலைத் தொழிலாளி. லண்டனில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். சிறையில் சாப்பிட மறுத்தாள். மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். விடுதலையாகி ரயிலில் வந்து இறங்கியபோது அவள் முகம்—'

இங்கே பேனா நின்றுவிட்டது. தர்ஸாவின் முகம் வர வேண்டிய இடத்தில் ஹீதரின் முகம் வந்து நிற்கிறது. வராமல் என்ன செய்யும்? சிலையில் இருப்பதே ஹீதரின் முகம்தான்.

பெவர்லிக்கு வேறு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது அது இல்லை.

2

தர்ஸாவின் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கூட்டத்தோடு நிற்கிறாள். படம் எடுத்த நேரத்தில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், தலையைத் திருப்பிவிட்டாள். தொப்பியும் புகை மாதிரி ஒரு கன்னமும் மட்டும் தெரிகிறது.

சிற்பி ரோவீனா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுத் தொப்பி செய்யலாம்" என்றாள். முகத்துக்கு ஊரிலேயே ஒருத்தியைத் தேடுவது என்று முடிவாயிற்று.

தேடவே வேண்டியிருக்கவில்லை. ரோவீனா மார்க்கெட் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே சீஸ் கடையிலிருந்து ஒரு குரல் கூரையில் மோதித் திரும்பியது. "யோவ் டெரிக்! குடையை விட்டுட்டுப் போறீரு! நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துட்டு என்னைக் குறை சொல்லாதேயும்!"

"அந்த வாய்தான் எனக்கு வேணும்" என்றாள் ரோவீனா.

அந்த வாய்க்குச் சொந்தக்காரி ஹீதர். முப்பது வயதைத் தாண்டியவள். கம்பியால் சீஸை அறுத்து அறுத்துத் தோள் இறுகிப்போனவள். அவளுடைய அம்மா டோரீன், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு என்னிடம்தான் வருவாள். மகளுக்குக் குரல் அம்மாவிடமிருந்து வந்தது. நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த குரல் அது.

சனிக்கிழமைகளில் நூலக மாடியில் ஹீதர் உட்கார்ந்தாள், ரோவீனா களிமண்ணைப் பிசைந்தாள், குழுவின் சார்பில் நான் தேநீர் போட்டேன். முதல் இரண்டு வாரமும் ஹீதரின் கணவன் கூடவே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஊரே என் பொண்டாட்டியை அண்ணாந்து பாக்கப்போகுது, என்ன?" என்று என்னிடம் சொன்னான்.

தர்ஸா ஆலை வாசலில் பெண்களைக் கூவி அழைப்பது போலத்தான் சிலை. "வாயைத் திற, கூப்பிடுற மாதிரி" என்றாள் ரோவீனா. ஹீதர் திறந்தாள். கொட்டாவி மாதிரி இருந்தது. மறுபடி திறந்தாள். பல் டாக்டரிடம் காட்டுவது மாதிரி இருந்தது. மார்க்கெட்டையே அதிர வைத்தவளுக்கு அந்த அறையில் குரல் வரவில்லை.

மூன்றாவது வாரம் கால்பந்தாட்டம் இருந்ததால் அவன் வரவில்லை.

"சும்மா திறக்காத. யாரையாவது நெஜமா கூப்பிடு" என்றாள் ரோவீனா.

"யாரை?"

"உனக்கு யாரைத் தோணுதோ."

ஹீதர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அம்மா!" என்று கத்தினாள்.

கீழே நூலகத்தில் யாரோ புத்தகத்தைத் தவறவிட்ட சத்தம் கேட்டது. ரோவீனாவின் கட்டைவிரல் களிமண்ணுக்குள் இறங்கிவிட்டது.

3

கணவனுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். எந்தப் பெயர் வைத்தாலும் அந்தப் பெயருள்ள ஒரு நல்ல மனிதர் மறுநாளே கடைக்கு வந்து இருமல் மருந்து கேட்கிறார். 'அவன்' என்றே இருக்கட்டும்.

பாத்திரமாக அவன் எனக்குப் பெரிய தலைவலி. அடித்திருந்தானானால் எழுதுவது சுலபம். எனக்குத் தெரிந்தவரை அவன் கை ஓங்கியதில்லை. ஹீதரின் சம்பளம் அவன் கணக்குக்குப் போகும். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் போனில் ஒரு புள்ளி காட்டும். புள்ளி நகர்ந்தால் அழைப்பு வரும். டோரீன் வீட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது, ஏனென்றால் "அங்க போயிட்டு வந்தா மூஞ்சைத் தூக்கி வெச்சுக்குறா." வாரா வாரம் பூ வாங்கிக் கொடுப்பான்.

(அடிக்காமலே ஒருத்தியைச் சிறை வைப்பது இந்த நாட்டில் இப்போது குற்றம்தான். அந்தச் சட்டத்தை இயற்றிய சபைக்குள் பெண்கள் நுழைந்ததில் தர்ஸாவுக்கும் பங்குண்டு. ஆனால் சட்டத்திடம் போய்ச் சேர ஹீதர் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் பிடிக்க, யாரும் கேள்வி கேட்காத ஓர் அரைநாள் வேண்டும். அந்த அரைநாளை எந்தச் சட்டம் கொடுக்கும்?)

4

அரைநாளைக் களிமண் கொடுத்தது.

பிறகொரு சனிக்கிழமை, அவன் கூட வராத நாளில், ஹீதர் மேலங்கியைக் கழற்றாமலே நின்றாள். "முகம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"போன வாரமே முடிஞ்சிடுச்சு. சும்மா உன்கிட்டக் காட்டத்தான் வரச் சொன்னேன்."

"முடியலன்னு சொல்வீங்களா?"

ரோவீனா கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கெண்டியை வைத்துவிட்டேன்.

"காது பாக்கி இருக்குன்னு சொல்லலாம். காது ரொம்பக் கஷ்டம்" என்றாள் ரோவீனா.

ஹீதர் போனை மேசைமேல் வைத்தாள். சீஸ் கடைப் பையில் ஒரு ஸ்வெட்டரும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்திருந்தாள் போல. அடைக்கலம் கொடுக்கும் இல்லம் ஒன்றோடு கடைப் போனில் பேசி எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை. என் கையை ஒருமுறை பிடித்தாள், பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ரோவீனா களிமண் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க அவ?"

"இங்கதாம்ப்பா. காது செஞ்சிட்டிருக்கேன், அசையக்கூடாது."

"போனைக் குடுங்க, ஒரு வார்த்தை பேசட்டும்."

"பேசினா தாடை ஆடும். தாடை ஆடினா காது ஆடும்."

"காலையிலேர்ந்து ஒரு காதா?"

"ரெண்டு இருக்கே."

அவன் சிரித்தான். உண்மையிலேயே சிரித்தான். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு எழுத முயன்றேன், முடியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ரோவீனா பதில் சொன்னாள், இடையில் முடிந்துபோன காதை நிஜமாகவே பிய்த்துவிட்டு மறுபடி செய்தாள். "பொய் சொல்லும்போது கைக்கு வேலை வேணும்" என்றாள். எனக்கு வேலை இல்லாததால் யாரும் குடிக்காத தேநீரைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இருட்டுவதற்குள் அவன் வந்தான். மேசைமேல் போன். களிமண் தலை. நாங்கள் இருவர்.

"எப்போ போனா?" என்று மட்டும் கேட்டான். களிமண் முகத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகை நடிப்பா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதமாட்டேன்.

5

வசந்தத்தில் திறப்புவிழா. பெவர்லி பேசினாள்: "நம்ம தர்ஸா கனவு கண்ட சுதந்திரம் இன்னைக்கு நம்ம ஊர்ப் பொண்ணுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும்—"

[மீதியை நான் கேட்கவில்லை.]

திரைச்சீலை சிலையின் கையிலிருந்த மணியில் மாட்டிக்கொண்டது. யாரோ இழுக்க, கிழிந்து விழுந்தது. வெண்கலத்தில் ஹீதர் நின்றாள், தொப்பியோடு, வாயைத் திறந்தபடி. கைதட்டல் முடிந்தும் டோரீன் அசையவில்லை.

"என்னத்தைச் சொல்லிக் கத்துறா அவ?" என்று பக்கத்திலிருந்த ரோவீனாவைக் கேட்டாள்.

மற்றவர்களிடமெல்லாம் 'ஓட்டு' என்று சொல்லிவந்த ரோவீனா அவளிடம் உண்மையைச் சொன்னாள். "உங்களைத்தாங்க கூப்பிடுறா. அம்மான்னு."

டோரீன் "ஓ" என்றாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது மாதிரி வெகுநேரம் குனிந்துகொண்டிருந்தாள்.

6

அதற்குப் பிறகு சந்தை நாட்களில் காலையில் டோரீன் வருவாள். சிலையின் தோளில் புறா எச்சமிருந்தால் நீளக் குச்சியில் துணி சுற்றித் துடைப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் வருவான், சிப்ஸ் பொட்டலத்தோடு எதிர்ப் பெஞ்சில் உட்காருவான். இரண்டு பேரும் வேறு வேறு நேரம் பார்த்துத்தான் வருவார்கள். ஒருநாள் மழையில் டோரீனின் பஸ் தாமதமாகிவிட்டது.

நான் கடை வாசலில் நின்றிருந்தேன். கேட்டது இவ்வளவு:

"அத்தை, அவ எங்கன்னு—"

[அவன் அவளை 'டோரீன்' என்றுதான் கூப்பிடுவான். என் கை தானாக 'அத்தை' என்று எழுதிவிட்டது. அப்படி எழுதினால் அவன்மேல் எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிடுகிறது. மாற்றுகிறேன்.]

"டோரீன், அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது."

"பெத்த பொண்ணு எங்கன்னு தெரியாதா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

"அந்த இல்லத்துலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. ஊரைச் சொல்லவா, வந்து பாக்கறீங்களான்னு கேட்டுச்சு. வேணாம், சொல்லாதன்னுட்டேன்."

"ஏன்?"

"எனக்குப் பொய் வராது. நீ நல்லவிதமா ரெண்டு வார்த்தை பேசினா சொல்லித் தொலைச்சிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவன் பொட்டலத்தை மடித்தான். "நான் அவளை ஒண்ணுமே பண்ணலியே."

"ஆமா. அவளை எதையுமே பண்ண விடலை நீ" என்றாள் டோரீன். பிறகு குச்சியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான், அவளும் அவன் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"சொல்லச் சொல்லியிருக்கலாமோ, கண்ணு? ஊர்ப் பேர் மட்டுமாவது? மழை நியூஸ் சொல்றப்போ, அங்கயும் பெய்யுதான்னு பாத்திருப்பேன்."

7

முடிவுகள் சில எழுதிப்பார்த்தேன்.

ஒன்றில் ஓராண்டு விழாவுக்கு ஹீதர் திரும்பி வருகிறாள், கூட்டம் விலகி வழிவிடுகிறது. பெவர்லிக்குப் பிடித்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவனும் நிற்கிறானே? கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவன் திருந்தி, ஊரைவிட்டுப் போய்—

வேறொன்றில் டோரீன் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, ஏதோ ஓர் ஊரில் இறங்கி, அங்கிருக்கும் மார்க்கெட்டுக்குள் நுழைந்து காது கொடுத்துக் கேட்கிறாள். இதைத்தான் கிழிக்க மனம் வரவில்லை.

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். குளிர்காலத்தில் இல்லத்துப் பெண்ணிடமிருந்து இரண்டாவது அழைப்பு வந்தது. ஹீதர் நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், சம்பளம் அவள் கைக்கே வருகிறது. வேறெதுவும் சொல்ல அனுமதியில்லை. டோரீன் விடாமல், "சாப்பிடுறாளா? மெலிஞ்சிட்டாளா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் தயங்கி, "அதெல்லாம் தெரியாதுங்க. ஆனா சத்தம் ஜாஸ்தி. மத்தவங்க தூங்க முடியலங்குறாங்க" என்றிருக்கிறாள்.

இதைச் சொல்லும்போது டோரீன் சிரித்த சிரிப்பில் மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

8

எழுதி முடித்ததை டோரீனிடம் சொன்னேன். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "அவன் படிச்சிட்டான்னா?"

"என் பாஷைல எழுதியிருக்கேன். இந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான் படிக்கத் தெரியும்."

"அப்போ அவளாலயும் படிக்க முடியாது" என்றாள். பிறகு, "எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள்.

மார்க்கெட் தேநீர்க்கடையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வார்த்தை புரியாமல், தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். முடித்ததும் முகம் வாடியிருந்தது.

"அவ பேர் எங்கயாவது வரும்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு இடத்துலகூட வரலியே."

ஹீதர் என்பது நான் வைத்த பெயர். டோரீனும் அப்படித்தான், தர்ஸா ஹோல்டனும் அப்படித்தான். மாற்றினால்தான் பத்திரம் என்று விளக்கினேன்.

"சரிதான். ஆனா ஒரே ஒரு இடத்துல அவ பேரைச் சொல்லேன். எழுத வேணாம். சொல்லு போதும். எங்க வீட்ல இப்போ யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல."

எந்த இடத்தில் என்று கேட்டேன். காகிதங்களை வாங்கி, புரியாத எழுத்தின்மேல் விரலை ஓடவிட்டு, ஏதோ ஒரு வரியில் நிறுத்தினாள். அந்த வரியை முதலிலிருந்து படித்து, அந்த இடம் வந்ததும் பெயரைச் சொன்னேன்.

"இன்னும் சத்தமா" என்றாள் டோரீன்.

சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். அது எந்த வரி என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். முடிவும் என்னிடம் இல்லை. வீட்டில் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு பெயர் உங்களிடம் இருந்தால், இந்தக் கதையில் உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.