மூத்த மருமகளின் இன்பாக்ஸ்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் குடும்பக் கம்பெனியில் மெயில் பார்க்கும் நாற்காலி மூத்த மருமகளுடையது. கம்பெனியைத் தொடங்கியவர் மாமனார். மகன்கள் இருவரும் கருவிப்பெட்டியோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார்கள். எந்த லிஃப்ட் எந்த மாடியில் முரண்டு பிடித்து நிற்கிறது என்று வருகிற புகாரையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்து ஆள் அனுப்புவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் அதில் உட்கார்ந்தவள், பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

அந்த மெயில் புரோகிராம் என்னவோ காடாகத்தான் கிடந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறியபோது யாரோ மெயில்களை இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றும் இரட்டைப்பிள்ளையாக நின்றது. ‘பராமரிப்பு’ என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு ‘பராமரிப்பு’. வேறு யார் உட்கார்ந்தாலும் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். அவள் மட்டும் கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொழுந்தனுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் கூடிவந்தது. வந்த ஓரகத்தி சிரித்த முகக்காரி, கை பரபரவென்றிருப்பவள். மூத்தவள் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அவள்தான் மெயிலைப் பார்த்துக்கொண்டாள். மூத்தவள் திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது தன் வீட்டில் வேறு யாரோ குடியேறிவிட்டது போலிருந்தது.

“எங்கே போச்சு எல்லாம்?”

“டூப்ளிகேட்டை மட்டும்தான் எடுத்தேன் அக்கா. ஒரே மெயில் எதுக்கு ரெண்டு? ஃபோல்டரையும் ஒண்ணா சேர்த்துட்டேன். இப்ப தேடிப் பாருங்க, டக்குனு வரும்.”

பக்கத்து மேஜையிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். “சின்னவ கெட்டிக்காரிம்மா. ஒரே மத்தியானத்துல துடைச்சு வச்சுட்டா. இத்தனை வருஷம் குப்பைக்குள்ளேயா உக்காந்திருந்தோம்!”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்து அவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தது யாராம்? ஒரு நாளாவது கெட்டிக்காரி என்று வாயைத் திறந்திருப்பாரா? வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னால், “நல்லதுதானே, உனக்கு வேலை மிச்சம்” என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் மட்டும் பசியில்லை என்று இருந்துவிட்டாள். மேஜை டிராயரில் பழைய மெயிலெல்லாம் நகலெடுத்து வைத்த பேக்கப் டிரைவ் கிடந்தது. அதைச் செருகி, மெயில்களை முழுதாக மறுபடி ஏற்றினாள். திரையில் பச்சைக் கோடு நகர நகர, பழைய கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததை அவளால் அடக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் முந்தி வந்து உட்கார்ந்த ஓரகத்தி திரையைப் பார்த்துத் திகைத்தாள். மாமனார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“என்னம்மா, எல்லாம் திரும்ப வந்துடுச்சே? சீக்கிரம் சரி பண்ணு, புகார் வந்துட்டே இருக்கு. அழிச்சது போய்க் கிடக்கிற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடு, மறுபடி முளைச்சுடப் போகுது.”

அவர் தலைமேல் நிற்க, சின்னவள் அவசர அவசரமாகத் தட்டினாள். மூத்தவள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி வேடிக்கை பார்த்தாள். மெயில் முழுவதையும் ஒப்பிட்டால் நேரமாகும் என்று, அனுப்பியவர் பெயரும் தலைப்பும் ஒன்றாக இருந்தால் நீக்கு என்று சின்னவள் புரோகிராமில் அமைத்ததை அவள் பார்க்கவும் செய்தாள். வாயைத் திறக்கவில்லை.

மாலையில் போன் அலறியது. ஒரு குடியிருப்பின் மேல் மாடியில் இருக்கும் தையல்காரர். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். “காலையில மெயில் போட்டேன். ஒரு ஆள் வரல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு படியில உக்காந்து உக்காந்து இறங்கினேன், பாதியிலேயே முடியல. பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டு வந்து மேலே விட்டாங்க. மனுஷங்கதானே நீங்க?”

போன மாதமும் ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்றுதான் அவர் எழுதியிருந்தார். இன்றைக்கும் அதே தலைப்பு. புரோகிராம் பழையதை வைத்துக்கொண்டு புதியதை நகல் என்று தள்ளிவிட்டது. கொழுந்தன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டே பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்: “தெரியாத வேலையில எதுக்கு மூக்கை நுழைக்கற?”

இங்கே அழித்தாலும் மெயில் கம்பெனியின் சர்வரில் ஒரு வாரத்து நகல் நிற்கும் என்பது மூத்தவளுக்குத் தெரியும். அங்கே போய்த் தேடினாள். தையல்காரருடையது மட்டுமல்ல, இன்னும் சில புகார்களும் கிடைத்தன. அண்ணன் தம்பி இருவரையும் அனுப்பினாள்.

“அனுபவம்னா அனுபவம்தான்மா” என்றார் மாமனார்.

இத்தனை காலம் ஏங்கிய பாராட்டு. வந்தபோது இனிக்கவில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிய மனிதர் கண்முன் வந்தார். ஓரகத்தி சுவரோரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

“மாமா, தப்பு அவ மேல இல்ல. பழைய பேக்கப்பை நான்தான் திரும்ப இம்போர்ட் பண்ணினேன். வேணும்னுதான்.”

“பேக்கப்போ என்னவோ. எனக்கு அதெல்லாம் எங்க புரியுது? மெயில் கிடைச்சுடுச்சுல்ல, விடும்மா” என்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

புரியவேண்டியவளுக்குப் புரிந்துவிட்டது. ஓரகத்தியின் அழுகை நின்று முகம் சிவந்தது.

“ஏன் அக்கா?”

“வயித்தெரிச்சல். வேற என்னத்தைச் சொல்ல?”

“உங்களுக்கா? போனை எடுத்தா எல்லாரும் ‘அண்ணி இல்லையா, அண்ணிகிட்ட குடுங்க’ன்னுதான் கேக்கறாங்க. என் புருஷனே அப்படித்தான். இந்தக் கம்பெனியில எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு மத்தியான வேலை. அதையும் பிடுங்கிட்டீங்க.”

மூத்தவள் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துத் தான் உட்கார்ந்துகொண்டு, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். சின்னவள் உடனே உட்காரவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தாள். இந்தத் தடவை மெயில் முழுவதையும் ஒப்பிட்டு நிதானமாக நீக்கினார்கள். எந்த ஃபோல்டரை எதனோடு சேர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டார்கள். மறுநாள் மூத்தவள் பழம் வாங்கிக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாமனார் பழைய புகார் ஒன்றைக் கேட்க, சின்னவள் நொடியில் எடுத்து நீட்டினாள். “பலே!” என்றார் அவர். மூத்தவளுக்கு மறுபடி சுருக்கென்றது. இம்முறை அதை விழுங்கிக்கொண்டிருக்கவில்லை.

“மாமா, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க.”

“உனக்கு என்னம்மா சொல்லணும்?” என்று அவர் விழித்தார்.

“யோசிச்சு வையுங்க. நாளைக்குக் கேக்கறேன்.”

சின்னவள் கீபோர்டைத் துடைப்பது போலக் குனிந்து சிரித்தாள்.