சாலு என்றால் போதும்

நாராயணம்மா அக்காவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். பேரம் பேச, என்னை வம்புக்கு இழுக்க எல்லாம் தமிழ்தான். கோபமோ களைப்போ வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவாள். குப்பை வண்டி நிற்கும் கொட்டகைக்கு அடுத்தது என் வீடு. தெருக்களைக் கூட்டிவிட்டு வந்து மதியம் இருவரும் அங்கேதான் சாப்பிடுவோம். நான் ரசம் ஊற்றினால், "சாலு பூங்கொடி, சாலு" என்பாள். போதும் என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கெம்பனூர் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. கம்பெனிகள் வந்து ஊர் பெருகியது, குப்பை பெருகியது. பெருக்குகிறவள் கூலி மட்டும் பெருகவில்லை. குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று அரசாங்கம் போட்டிருந்தது. காண்டிராக்டர் கொடுத்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவரிடம் கேட்டால் கவுன்சிலரைக் கேள் என்பார். கவுன்சிலரைக் கேட்டால் தலைவரைக் கேள் என்பார். தலைவர் எப்போதும் கிருஷ்ணகிரிக்கு மீட்டிங் போயிருப்பார்.

கவுன்சிலர் எல்லப்பன் அக்காவின் தெருக்காரன்தான். "நம்மாளு ஒருத்தன் உள்ள இருந்தாத்தான்க்கா நம்ம கஷ்டம் வெளிய தெரியும்" என்று தேர்தலுக்கு முன் அவள் வாசலில் வந்து நின்றான். அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினவள் அவள். துணைக்குப் போனவள் நான்.

அக்காவுக்கு அந்தக் கூலி ஏறியே ஆக வேண்டும். மகள் வெங்கடலட்சுமி பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. அடுத்த வருஷம் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு வழியில்லை. "கூலி ஏறுனா அவ பர்கூர் பஸ் ஏறுவா, இல்லைன்னா கம்பெனி வேன் ஏறுவா" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். தெற்கத்திக்காரர், தெலுங்கு தெரியாது. எங்களைத் தரையில் உட்காரவைத்து, "இப்பக் குடுக்கிற கூலி உங்களுக்குப் போதுமா, போதாதா?" என்றார். சட்டப்படி கொடுக்கிறானா என்று கேட்க வந்த மனிதர், போதுமா என்று கேட்கிறார்.

மூத்தவள் என்று அக்காவை எழுப்பினார். அவள் வாயைத் திறப்பதற்குள், அதிகாரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எல்லப்பன் எழுந்துகொண்டான்.

"சார், கூலிய ஏத்துனா காண்டிராக்டர் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிருவாரு. நஷ்டம் இவங்களுக்குத்தான். நான் இவங்க வீட்டுப் புள்ள மாதிரி, இவங்க கையால சாப்ட்டு வளந்தவன், நல்லதுக்குத்தான் சொல்றேன்..."

அவன் நிறுத்துகிற வழியாக இல்லை. அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் கறுத்துவிட்டது.

"சாலு எல்லப்பா," என்றாள். "சாலு."

உன் பேச்சை நிறுத்து என்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அதிகாரி நிமிர்ந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"போதும்ங்கறாங்க சார்," என்றான் எல்லப்பன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

"நா அதச் சொல்லலீங்க," என்றாள் அக்கா பதறிப்போய்.

"அப்ப என்னக்கா சொன்ன? சாலுன்னுதான சொன்ன?"

"சாலுன்னுதான் சொன்னேன். ஆனா..."

அதற்குமேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை. நான் எழுந்தேன்.

"சார், அவன் பேச்ச நிறுத்தச் சொன்னாங்க. கூலியச் சொல்லல."

"போதும்னு சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க சார், ஆனா..."

"சொன்னாங்கல்ல. உக்காரும்மா."

எழுதிக்கொண்டார். மற்றவர்களை அவர் கேட்கவில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது.

திரும்பவும் மனு போட்டோம். ஏற்கெனவே விசாரித்து முடித்தாயிற்று என்று பதில் வந்தது. காண்டிராக்டர் எங்களைக் கண்டால், "நீங்களே போதும்னுட்டீங்களே" என்று சிரிக்கிறார். எல்லப்பன் இன்னும் அக்காவுக்கு வணக்கம் வைக்கிறான்.

வெங்கடலட்சுமி கம்பெனி வேன் ஏறுகிறாள். காலையில் வேன் நிற்கும் முக்கைக் கூட்டுவது எங்கள் வேலைதான். நீலச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைக்கும். அக்கா குனிந்தவள் நிமிர மாட்டாள். வேன் திரும்புகிறவரை நான்தான் கையசைப்பேன்.

நேற்று மதியம் ஏதோ பேசிக்கொண்டே ரசம் ஊற்றினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. தட்டு நிறைந்ததை நான் கவனிக்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள். கொதிக்கக் கொதிக்க ரசம் அவள் புறங்கையில் விழுந்தது.

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதாக்கா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.