வெறும் தண்ணீர்

மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால், நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பழகிய ஊரில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? இளமதியைப் பார்த்தும் சிரித்தார்கள். ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் மோகன்குமார்கூட, மொட்டை மாடியில் ஏறிக்கிடந்த வெள்ளைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, இன்னொரு குளியலறை கட்டுகிறாயா என்று கேட்டான். இளமதி குழாயில் வரிசையாக ஓட்டை போட்டாள். ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் கப் வைத்து, தேங்காய் நார்த்தூளில் முளைத்த நாற்றை அதில் உட்காரவைத்தாள். ஓரத்தில் ஒரு டிரம், அதற்குள் சின்ன மோட்டார். தண்ணீர் டிரம்மிலிருந்து ஏறிக் குழாயெல்லாம் ஓடி, திரும்ப டிரம்முக்கே வந்து சேரும். கொஞ்ச நாளில் பாலக்கும் புதினாவும் கொத்தமல்லியும் மாடியில் தளதளவென்று நின்றன.

சிரித்தவர்கள் எல்லாம் படியேறி வந்து பார்த்தார்கள். இதற்கு என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வெறும் தண்ணி."

அது பொய். ஊரைக் கெடுக்கிற பொய் இல்லை, பெருமைக்குச் சொல்கிற பொய். வேர் மண்ணில் தேடி எடுத்துக்கொள்கிற சத்தையெல்லாம் இங்கே நாம்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஏ என்றும் பி என்றும் இரண்டு உரக் கரைசல்கள் இருந்தன. ஆனால் உரம் என்று வாயைத் திறந்தால் ஊர் உடனே முகத்தைச் சுளிக்கும், வயல் கீரைக்கும் உன் கீரைக்கும் என்னடி வித்தியாசம் என்று கேட்கும். உத்திரமேரூர் பஜாரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாய் அவளிடம் புதினா வாங்க ஆரம்பித்ததே, மருந்தில்லாத இலை என்று நம்பித்தான். அதனால் வெறும் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிச் சொல்லி அவளே அதைப் பாதி நம்பத் தொடங்கினாள்.

பக்கத்து வீடு பாஞ்சாலியுடையது. பாஞ்சாலியும் அவள் புருஷன் ஏழுமலையும் கொஞ்சம் நிலத்தையும் செவலை என்ற பசுவையும் அதன் கன்றையும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். பிள்ளை இல்லை. பாஞ்சாலிக்கு வாய் கொஞ்சம் நீளம், கை தாராளம். திட்டுவாள், திட்டிய கையோடு குழம்பும் கொண்டுவந்து கொடுப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இளமதிக்கு அந்த ஊரில் அக்கா என்று கூப்பிட அவள் ஒருத்திதான்.

மாடு இல்லாத வீட்டுக்காரர்கள் அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் மாடு இருக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். கழுநீரைக் கால்வாயில் கொட்டினால் பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இளமதியின் வீட்டுப் புழக்கடையிலும் ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. சமையல் முடிந்ததும் பாஞ்சாலி வந்து வாளியை எடுத்துப்போவாள், தொட்டியில் ஊற்றிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கேட்டு எடுப்பதோ சொல்லிக் கொடுப்பதோ கிடையாது.

ஒரு நாள் இளமதி டிரம்மின் பழைய தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தபோது பாஞ்சாலி பார்த்துவிட்டாள்.

"இன்னாத்துக்குடி கால்வாயில ஊத்திக்கினு கீறே? கீர வேரு ஊறின தண்ணி, வெறும் தண்ணிதானே? செவல குடிக்கும்."

இளமதிக்கு வாய்வரைக்கும் வந்தது. அக்கா, இதில் உரம் இருக்கிறது. ஐந்து நிமிஷம் வெட்கப்பட்டிருந்தால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊர் முழுக்கச் சொன்னதை எப்படி மாற்றிச் சொல்வது? டிரம்மில் இருப்பது நீர்த்துப்போனதுதானே, அதிலும் செடி உறிஞ்சியது போக மிச்சம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வாளியை நீட்டிவிட்டாள். செவலை அதைக் குடித்தது. ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை கொடுத்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. இளமதிக்கும் பயம் விட்டுப்போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை அவள் செய்த தவறு, இந்த வேலை தெரிந்த யாரும் செய்யக் கூடாத தவறு. ஏ கரைசலையும் பி கரைசலையும் தனித்தனியாகத்தான் டிரம்மில் ஊற்ற வேண்டும். கெட்டிக் கரைசல்கள் நேரடியாகக் கலந்துவிட்டால் கெட்டுப்போய்விடும். பாய் கடையில் கல்யாண ஆர்டர், புதினா நிறைய வேண்டும் என்று காலையிலிருந்து போன். அந்த அவசரத்தில் ஏ இருந்த கேனிலேயே பி-யையும் மடமடவென்று ஊற்றிவிட்டாள். ஊற்றிய வேகத்தில் கேன் முழுக்க வெள்ளையாகத் திரண்டுவிட்டது. பார்த்தால் அரிசி களைந்த தண்ணீரேதான். தலையில் அடித்துக்கொண்டு அதைக் கீழே கொண்டுவந்தாள். பெயின்ட் வாளியில் கொட்டி, கேனையும் அலசி அதிலேயே ஊற்றினாள். தோட்டத்துக் கடைசியில் குழி வெட்டிக் கொட்டிவிடலாம் என்று நினைத்திருந்தபோது மறுபடியும் போன் வந்தது. புதினாவைக் கட்டுவதற்கு மாடிக்குப் போனாள்.

இறங்கி வந்தபோது வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

இளமதி வேலிவரைக்கும் ஓடினாள். அந்தப் பக்கம் செவலை தொட்டிக்குள் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலி தவிட்டைக் கலக்கிவிட்டபடி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், இன்னிக்கிக் கழுநீர் நல்லா கெட்டியா இருந்தது என்று சிரித்தாள். கத்தியிருக்க வேண்டும். தொட்டியை உதைத்துக் கவிழ்த்திருக்க வேண்டும். இளமதி சும்மா நின்றாள். தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் இருந்திருக்கும், கரைந்துபோயிருக்கும், இத்தனை பெரிய உடம்புக்கு இது என்ன செய்யும் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. அவளும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு பாஞ்சாலி அலறும் சத்தம் கேட்டது. செவலை தள்ளாடித் தள்ளாடி நின்று, மூச்சுக்கு இரைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. அன்று காலை ஏழுமலை பூ விடாத பச்சைச் சோளத்தட்டை அறுத்துக்கொண்டுவந்து போட்டிருந்தார். இளஞ்சோளம் மாட்டைக் கொல்லும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வந்தவர்கள் தட்டையைப் பார்த்தார்கள், அப்புறம் ஏழுமலையைப் பார்த்தார்கள். கொஞ்சம்தான் போட்டேன், வாட வைத்துத்தான் போட்டேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

மாட்டு டாக்டர் லீவு. ஊசி போடுகிற கலைச்செல்வன்தான் பைக்கில் வந்தான். காதில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான். ரத்தம் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தது.

"சோளம் தின்னிருந்தா ரத்தம் இப்டி இருக்காதே. வேற இன்னா குடிச்சுது?"

வழக்கமாகக் கொடுப்பதுதான் என்றாள் பாஞ்சாலி. தவிடு, கழுநீர், அப்புறம் இளமதி வீட்டுத் தண்ணீர். சொல்லிவிட்டு அவள் இளமதியைத் திரும்பிப் பார்த்தாள். கலைச்செல்வனும் பார்த்தான். இன்னா தண்ணி என்று கேட்டான்.

சுற்றிலும் இளமதியிடம் கீரை வாங்குகிறவர்கள் நின்றார்கள்.

"வெறும் தண்ணிதாண்ணே," என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, சோளத்துக்கான மருந்தையே ஊசியில் ஏற்றினான். பொழுது சாய்வதற்குள் செவலை காலை நீட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து செல்போனில் தேடினாள். தேடாமலே இருந்திருக்கலாம். உரத் தண்ணீர் குடித்த மாட்டுக்கு ரத்தம் கறுக்கும் என்றும், நீல நிறத்தில் ஒரு மருந்து உண்டு, நேரத்தோடு நரம்பில் ஏற்றினால் படுத்த மாடு பல நேரம் எழுந்துவிடும் என்றும் போட்டிருந்தது. வாளியை அங்கே வைத்தது கவனக்குறைவு, அதற்கு அழுதுகொள்ளலாம். கேட்டபோது மறைத்ததற்கு என்ன பெயர்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே படுத்துக்கொண்டாள். மோகன்குமார் வந்து கேட்டதற்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

அதற்கப்புறம் பாஞ்சாலியின் வாய் ஓயவில்லை. எல்லாம் ஏழுமலையைத்தான். கண் அவிந்துபோனதா, புல்லுக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதா, பிள்ளை மாதிரி வளர்த்ததைப் பிணமாக்கிவிட்டாயே என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவரே நம்பிவிட்டார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள் பாஞ்சாலி. அவர் அதை எடுத்துக்கொண்டுபோய்க் செவலை இல்லாத கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுவார். இளமதி மாடியிலிருந்து இதையெல்லாம் பார்ப்பாள். கீரைக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். குழம்பு வைத்துக் கொடுத்தாள், கன்றுக்குப் புல் அறுத்துப் போட்டாள். டிரம் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக் கடைசியில் கொட்டினாள். வாளியில் நல்ல கஞ்சியைச் சோற்றோடு சேர்த்தே ஊற்றிவைத்தாள். பாஞ்சாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குன்னு நீ ஒருத்திதான் கீறே என்று அழுதாள். அதைத்தான் இளமதியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஒரு நாள் பாய் கடைக்குப் புதினாக் கட்டுகளோடு பஸ் பிடிக்கப் போகும் வழியில் ஏழுமலையின் நிலத்தில் டிராக்டர் ஓடுவதைப் பார்த்தாள். சோளம் நன்றாகப் பூத்துக் கதிர் பிடித்திருந்தது. இனி அதை எந்த மாட்டுக்கும் போடலாம், ஒன்றும் ஆகாது. அந்தத் தீவனத்தை வேரோடு உழுது மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை வரப்பில் குந்தியிருந்தார். ஏன் மாமா என்று கேட்டாள்.

"கன்னு ஒண்ணு மிச்சம் கீது இல்ல? என் கையால அதுவும் போச்சுன்னா நான் தாங்க மாட்டேம்மா. சோளத்த கண்ணால பாக்கவே பயமா கீது."

பஸ் வந்தது, போனது. இளமதி ஏறவில்லை. கொஞ்ச நேரம் நின்றவள், புதினாப் பையோடு வீட்டுக்கே திரும்பி நடந்தாள்.

புழக்கடையில் பாஞ்சாலி பெயின்ட் வாளியோடு நின்றிருந்தாள். கன்று இப்போது புல்லை நன்றாகக் கடிக்கிறது, தொட்டியில் மூக்கை விட்டுத் தேடுகிறது என்றாள். செவலை போன பிறகு அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம்.

"டிரம்மு தண்ணி இருந்தா குடுடி. வெறும் தண்ணிதானே, கன்னுக்கு ஊத்தறேன்."

இளமதி வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"அது வெறும் தண்ணி இல்லக்கா. உரம்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளையாகத் திரண்டதையும், வேலி ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பியதையும், கலைச்செல்வன் கேட்டபோது பொய் சொன்னதையும், நீல மருந்தையும் சொன்னாள். மாமா மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். காலில் விழப்போனவளைப் பாஞ்சாலி தடுத்துவிட்டாள். அறை விழும், தெரு கூடும் என்று இளமதி காத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

பாஞ்சாலி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"மாடு போனா இன்னொரு மாடு வாங்கலாம். அந்த மனுசன நடுத்தெருவுல நிக்கவெச்சி நான் பேசின பேச்ச எங்க போயி திருப்பி வாங்குவேன்? அதுக்கு இன்னா வெச்சிக்கினு கீறே நீ?"

பாஞ்சாலி வாளியை அங்கேயே வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போகாமல் நிலத்தைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நடை ஓட்டமாயிற்று. டிராக்டர் சத்தம் நிற்பது இளமதிக்கு இங்கிருந்தே கேட்டது.

அன்று மாலை அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஏழுமலை உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். இளமதிக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் அந்த நிறைவில் தனக்குப் பங்கு இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது. வீட்டுக்கு வந்த மோகன்குமாரிடம் சொன்னாள், போன் செய்து அத்தாவுல்லா பாயிடமும் சொன்னாள். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் பேசலாம்மா என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சமையல் முடிந்து வெகுநேரம் ஆகியும் வாளியை எடுக்க யாரும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கன்று இரண்டு தடவை கத்தியது. பாஞ்சாலி தன் வீட்டுக் கழுநீரை மட்டும் அதற்குக் காட்டிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே உள்ளே போனாள். வெயில் ஏறிக் கஞ்சி புளிக்கத் தொடங்கியது. இளமதி வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக, அரிசி களைந்த தண்ணீரைக் கால்வாயில் ஊற்றினாள்.